அழகிரிசாமி மாமாவின் காதும் ஒரு கிணற்று ரெக்கார்டும்

பீளமேட்டில் ஒரு மோட்டார் படுத்துவிட்டால், அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் என் மாமா அழகிரிசாமியின் காதில் காட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும், அதாவது காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டாரின் உடம்பில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம். பிறகு, "பின்பக்கத்து பேரிங்குங்க" என்றோ, "காயில் ரெண்டு போயிருச்சுங்க" என்றோ சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒரு தோட்டத்துக்காரர் இந்தக் காதை நம்பித் தன் ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் மாமனாரைக் கொண்டுவந்து இருமச் சொன்னார். மாமா அதற்கும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் போகச் சொன்னார்.

கடையில் வேறு விளம்பரப் பலகை கிடையாது. "காது தப்புச்சுன்னா கடையைச் சாத்திப்போட்டுப் போயிர வேண்டியதுதான் கண்ணு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தப்பாது என்ற தைரியத்தில் சொன்னது அது.

இப்படிப்பட்ட காதுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விருந்து உண்டு. 1975இல் மாமாவின் சித்தப்பா மகன் வெங்கடபதி அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பினார். மாமாவின் கல்யாணத்துக்கு வராத குறையைத் தீர்க்க, அங்கிருந்து கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயரையும், அதோடு ஒரே ஒரு ராக் இசைத்தட்டையும் கொடுத்தார். அட்டையில் ஒரு பாழுங்கிணறு. கிணற்றுக்குள் ஒரு நாற்காலி. குழுவின் பெயரை எங்கள் ஊர் நாக்கு நான்கு விதமாகச் சொன்னதால், எல்லோருக்கும் அது 'கிணற்று ரெக்கார்டு' ஆகிவிட்டது.

அமெரிக்கப் பிளேயருக்கு நம் ஊர் வோல்டேஜ் ஒத்துவராது. அடியில் ஒட்டியிருந்த தகட்டை மாமா படித்தார். நூற்றுப் பதினேழு வோல்ட். அன்றைக்கே உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றிப் போட்டார். தட்டு சுழன்றது, பாட்டு வந்தது. அந்த டிரான்ஸ்பார்மரை இன்றும் ஒறம்பரையாக வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுவார். சிலர் குழந்தை போட்டோவைக் காட்டுவதில்லையா, அதுபோல.

பிளேயரின் ஊசி இந்தியாவில் கிடைக்காது. ஆகவே மாமா ஒரு சட்டம் போட்டார். அதில் கிணற்று ரெக்கார்டைத் தவிர வேறு எதையும் ஓட்டக் கூடாது; அதுவும் ஞாயிறு காலை ஒரு தரம்தான். ஒருமுறை கோவிந்தராஜுலு ஒரு தமிழ்ப் பட ரெக்கார்டோடு வந்தபோது, செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவரைப் போல் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அந்தப் படப் பாட்டை அன்று ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

வீட்டு முன்பக்கத்துக் கடையிலேயே கூடும் ஞாயிறு சபைக்கு நிரந்தர உறுப்பினர்கள் நான்கு பேர். மாமா, காயில் கட்டுபவர். பாலுசாமி, சப்ஸ்டேஷனில் மணிக்கு ஒருதரம் மீட்டர் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுபவர். சாமுவேல், மில்லில் எலக்ட்ரீஷியன். சர்ச்சில் கிட்டாரும் வாசிப்பார். கோவிந்தராஜுலு, எலக்ட்ரிக் சாமான் கடை முதலாளி. நான்கு பேரும் கரண்டால் சோறு சாப்பிடுகிறவர்கள். இதை வாசிப்பவர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெக்கார்டில் பாடியவருக்குக் கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைப்பதுபோல் பாடுவார். "மனுசன் என்னமா அனுபவிச்சுப் பாடறானுங்க" என்று பாலுசாமி கண் கலங்குவார். என் அத்தை மட்டும் சமையல்கட்டிலிருந்து, "அந்த ஆளுக்குக் காச்சலாட்ட இருக்குது" என்பாள். அத்தைக்கு இசை தெரியாது என்று சபை எப்போதோ முடிவு செய்திருந்தது.

இந்த ரெக்கார்டிலிருந்து மாமா கேசட் எடுத்துக் கொடுத்தார். கேசட்டிலிருந்து கேசட், அதிலிருந்து இன்னொரு கேசட் என்று அது பீளமேட்டு விடுதிகளுக்குள் பரவியது. எலக்ட்ரிகல் படிக்கிற எத்தனையோ பேர் அதைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்துப் பாஸும் செய்தார்கள். சாமுவேல் அதைக் கேட்டுத்தான் கிட்டார் பழகினார். "இந்த ரெக்கார்டோட வாசிக்கறப்ப மட்டும் கம்பியை லூசு பண்ணுனாத்தானுங்க சேருது" என்று எப்போதும் குறைபட்டுக்கொள்வார். பெரிய கலைஞர்கள் அப்படித்தான், தனி வழியில் போவார்கள் என்று மாமா விளக்கம் சொல்வார்.

நான் நான்காவது படிக்கும்போது ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, "மாமா, இந்தப் பக்கம் இருவது நிமிசம்னு போட்டிருக்குது. ஆனா இருவத்திநாலு ஓடுதே" என்று கேட்டேன்.

"அமெரிக்காக்காரன் அவசரக்காரன் கண்ணு. எல்லாத்தையும் குறைச்சுத்தான் சொல்லுவான்" என்றார். நானும் நம்பினேன். பரீட்சையில் அதைக் கேட்கவில்லை என்பதுதான் நல்லகாலம்.

இதெல்லாம் 1997 மே மாதம் வரைக்கும். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த மாதம். அப்போதுதான் கோவிந்தராஜுலுவின் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு சிடி அனுப்பினான். அதே கிணறு, அதே நாற்காலி. ஆனால் மூலையில் 'ரீமாஸ்டர்' என்று தங்க எழுத்து. அந்தக் குழுவின் ஐந்து ஆல்பங்களையும் கம்பெனி இரைச்சலை நீக்கி ரீமாஸ்டர் செய்து மறுபடி விற்கிறதாம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்காரர் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். ஒன்றின் விலைக்கு நூறு கேசட் பதியலாம். சபை யோசித்தது. மற்ற நாலு ஆல்பங்களை யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றை வைத்துச் சோதித்துவிடலாம். ரீமாஸ்டர் நன்றாக இருந்தால் மற்ற நாலையும் எல்லோரும் சேர்ந்து வாங்குவது, இல்லாவிட்டால் விடுவது. தீர்ப்பு யார் சொல்வது என்று கேட்கவே வேண்டியதில்லை.

"ரீமாஸ்டர்னா என்னுங்க?" என்று பாலுசாமி கேட்டார்.

"நம்ம தொழில்தானுங்க" என்றார் மாமா. "பழைய மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, மேல பச்சை பெயிண்ட் அடிச்சுப் புதுசு வெலைக்கு விக்கறது. நானே செஞ்சிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

விசாரணைக்கு முன்பே குற்றவாளி யார் என்பது தெளிவாகிவிட்டது.

ஞாயிறு காலை கோவிந்தராஜுலு சிடி பிளேயரைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப்போல் தூக்கிவந்தார். முதல் பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் சாமுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுக்காரர் வாயைத் திறந்தார். பாலுசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க கோவிந்தராஜுலு, இது யாருங்க, அந்த ஆளோட தம்பிங்களா?" என்றார் மாமா.

"அதே ஆளுதானுங்க அழகிரி. அட்டையில போட்டிருக்குது."

"அப்ப பின்னாடி நின்னு யாரோ முடுக்கறாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சாட்ட இருக்குது."

"அமெரிக்காவுல இருந்து நேரா வந்த தட்டுங்க இது."

"என்னுது மட்டும் அன்னூர்ச் சந்தையில வாங்குனதுங்களா?"

சமையல்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "காச்சல் விட்டிருச்சாட்ட இருக்குது."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிடி முடிந்ததும், "நாப்பத்திரண்டு நிமிசமுங்க. நம்ம ரெக்கார்டு ரெண்டு பக்கமும் சேர்த்து அம்பது வருமுங்க" என்றார்.

"எட்டு நிமிசத்தை முழுங்கிப்போட்டானுங்க" என்றார் மாமா.

"பாட்டு ஒண்ணும் குறையலீங்களே. எண்ணிப் பாருங்க, ஒம்பது இருக்குது" என்றார் கோவிந்தராஜுலு.

"பாட்டை எடுக்கலீங்க. பாட்டுக்கு உள்ளாற இருந்ததை எடுத்துப்போட்டானுங்க. அந்தச் சோகம் எங்கீங்க? அந்தக் கனம் எங்கீங்க? இரைச்சலைக் கழுவறேன்னு ஆளையே கழுவிப்போட்டானுங்க."

பாலுசாமியும் சாமுவேலும் தலையாட்டினார்கள். கோவிந்தராஜுலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகன் அனுப்பிய சிடி. "உங்க ரெக்கார்டுதான் பழசாகிப் போயி நொண்டுதோ என்னமோ" என்று மெல்லச் சொன்னார்.

மாமா அவரைப் பார்த்தார். "இருவத்திரண்டு வருசமா மோட்டார் சத்தம் கேட்டுப் பொளைக்கற காதுங்க இது. நொண்டுனா எனக்குத் தெரியாதுங்களா?"

ஒரு இசைத்தட்டைப் பற்றிய பேச்சு அந்த ஒரு வாக்கியத்தில் மாமாவின் பிழைப்பைப் பற்றிய பேச்சாகிவிட்டது. அவரே அதைப் பந்தயத்தில் வைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. சிடி அட்டையில் விலாசம் போட்டிருந்த லண்டன் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. கோயம்புத்தூர் ரசிகர்களை எட்டு நிமிடம் ஏமாற்றியதற்கு விளக்கம் கேட்டு, நால்வரும் கையெழுத்திட்டு, ரிஜிஸ்தர் தபாலில். எழுதுவது நான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த குற்றத்துக்குத் தண்டனை. அடுத்த ஞாயிறு கையெழுத்து, திங்கள் தபால். கையெழுத்திட மாட்டேன் என்று கோவிந்தராஜுலு சொன்னார். "ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப நீங்க ஒரு ஆளு மட்டும் எதிர்ப்பக்கமா?" என்று மாமா கேட்டதும் அவர் துண்டையும் பிளேயரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் கடைப்பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை சோமனூரிலிருந்து சுப்பண்ணன் வந்தார். தறி வைத்திருப்பவர். பழைய தைவான் மெஷின் ஒன்றை யார் பேச்சையோ கேட்டு வாங்கிப்போட்டிருந்தார். நூல் சுற்றுகிற மெஷின். அதன் மோட்டாரைக் கழற்றி மொபெட்டின் பின்னால் கட்டி எடுத்துவந்திருந்தார்.

"ஓடுதுங்ணா, ஆனா சோர்ந்து ஓடுது. நூறு கோன் நூல் சுத்தற நேரத்துல எம்பது சொச்சம்தான் சுத்துது. வோல்டேஜ் நம்முளுதுதானுங்க, இருநூத்திருவது போட்டிருக்குது" என்றார்.

நான் மேஜையில் உட்கார்ந்து கண்டனக் கடிதத்தைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா மோட்டாரை ஓட்டி, ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தார். அரை நிமிடம். ஒரு நிமிடம். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"பேரிங் நல்லாருக்குது. காயிலும் நல்லாருக்குது. இவனுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க சுப்பண்ணா."

"அப்பறம் ஏனுங்க இப்படி?"

மாமா மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்துப் படித்தார். சிரித்துவிட்டார். "இதானுங்களா. அறுவது சைக்கிள் மோட்டாருங்க இது. இவன் பொறந்த ஊர்ல கரண்ட் செகண்டுக்கு அறுவது தடவை அடிக்கும். நம்மூர்ல அம்பதுதான். அங்க ஆறு சுத்து சுத்துனவன் இங்க அஞ்சுதான் சுத்துவான். ஆளு நல்ல ஆளு, தாளம்தான் நம்மூர்த் தாளம். பெல்ட்டு மாட்டற புல்லியைப் பெருசாப் போட்டா சரியாயிரும். வோல்டேஜா இருந்தா டிரான்ஸ்பார்மர் சுத்தி மாத்திப்போடலாமுங்க. ஆனா சைக்கிளை எந்த டிரான்ஸ்பார்மராலும்..."

அங்கே நின்றுவிட்டார்.

மீதியையும் மாமா சொல்லட்டும் என்று சுப்பண்ணன் காத்திருந்தார். மாமா சுவரோரம் இருந்த ரெக்கார்டு பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கண்ணு, அம்பது நிமிசத்துல ஆறுல ஒரு பங்கு போனா மீதி எவ்வளவு?" என்றார்.

"நாப்பத்தொண்ணரைக்குக் கொஞ்சம் மேல வரும் மாமா. நாப்பத்திரண்டுன்னு வெச்சுக்கலாம்."

சுப்பண்ணனை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார். அவர் போனதும் பிளேயரைத் தூக்கிக் கவிழ்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். நூற்றுப் பதினேழு வோல்ட், அறுபது சைக்கிள். இரண்டும் ஒரே வரியில் இருந்தன. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. 1975இல் மாமா பாதி வரியைப் படித்துவிட்டு, டிரான்ஸ்பார்மர் சுற்றுகிற உற்சாகத்தில் எழுந்துவிட்டிருக்கிறார். மீதிப் பாதி இருபத்திரண்டு வருடமாகத் தலைகீழாகப் படுத்துக் காத்திருந்திருக்கிறது.

ஆக, ஆறு சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு ஐந்துதான் சுற்றியிருக்கிறது; நாங்கள் கேட்டுக் கண்ணீர் விட்ட கனத்த குரல் அந்த மனிதருடையதே அல்ல. அவர் சாதாரணக் குரலில், சாதாரண வேகத்தில், ஒருவேளை சந்தோஷமாகக்கூடப் பாடியிருக்கிறார். சோகம் நம் ஊர் கரண்டுடையது.

"சொல்லாம விட்டா யாருக்குந் தெரியாது" என்றார் மாமா.

"கோவிந்தராஜுலு சித்தப்பா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போனாருங்களே மாமா" என்றேன்.

மாமா மேஜையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். 'எங்கள் ஊர்க் காதுகளை ஏமாற்ற முடியாது' என்று நான் ரொம்ப யோசித்து எழுதியிருந்த இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

ஞாயிறு காலை மாமாவே கோவிந்தராஜுலு வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தார். சிடி பிளேயரையும் எடுத்துவரச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்ததும் பிளேயரைக் கவிழ்த்துத் தகட்டைக் காட்டினார்.

"படிங்க. முழுசாப் படிங்க. நான் பாதிதான் படிச்சேன்."

பாலுசாமிதான் முதலில் படித்தார். "கரண்ட் அம்பது சைக்கிள், அம்பது சைக்கிள்னு மணிக்கு ஒருதரம் என் கையால எழுதறேனுங்க" என்றார். "எழுதிப்போட்டு நேரா இங்க வந்துதானுங்க இதைக் கேட்டேன்."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்ணா. உங்க காது தப்பாதுங்க. கம்பெனிதான் ஏதோ பண்ணிப்போட்டான்" என்றார் சாமுவேல்.

"கிட்டாரை எடு சாமுவேல். கம்பியை லூசு பண்ணாத. சர்ச்சுல வாசிக்கற மாதிரி வெச்சு, சிடியோட வாசி."

சாமுவேல் வாசித்தார். நான்கு சுரம்கூடப் போகவில்லை, பாட்டும் கிட்டாரும் ஒன்றாகிவிட்டன. அவர் கையை எடுத்துவிட்டார். "சர்ச்சுல எல்லாரும் எனக்குச் சுதி சேர்க்கத் தெரியாதுன்னு சொன்னாங்க. இருவது வருசமா கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்குனா எப்படீங்ணா நிக்கும்?"

"எம்மேலதான் தப்பு" என்றார் மாமா. "கோவிந்தராஜுலு, உங்க பையன் அனுப்புனதுதானுங்க சரி. நான் பேசுனது தப்பு."

கோவிந்தராஜுலு கொக்கரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கொக்கரித்திருப்பேன். அவர் சிடியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிதானுங்க. ஆனா நானும் அந்தத் தாளத்துக்குத்தானுங்க இத்தனை வருசம் தலையாட்டுனேன். என் கடையில அறுவது சைக்கிள் சாமான் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பறவன் நான்."

அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "காச்சல்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். இந்த முறை நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வாசலில் சுப்பண்ணன் நின்றிருந்ததை நான்தான் பார்த்தேன். மோட்டாரை எடுத்துப்போக வந்தவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குறும்பாகக் கேட்கிற ஆள் அல்ல. மனதில் பட்டதைக் கேட்கிறவர்.

"ஏனுங்ணா, போன தையில என் மோட்டார்ல மூணு காயில் போச்சுன்னு சொன்னீங்களே. அது நெசந்தானுங்களா?"

மாமா சனிக்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

"அது நெசமுங்க சுப்பண்ணா" என்றார் மெல்ல. "மோட்டார் சத்தம் எனக்குப் பிடிக்காதுங்க. எப்ப நிக்கும்னு கேட்டுட்டு இருப்பேன். அதனால அது என்ன சொல்லுதோ அது அப்படியே கேட்கும். இந்த ரெக்கார்டு எனக்குப் பிடிச்சுப் போச்சு. பிடிச்சதுக்கப்பறம் அடியில என்ன எழுதியிருக்குதுன்னு யாருங்க கவுத்துப் பாக்கறாங்க?"

சுப்பண்ணன் கொஞ்சம் யோசித்தார். "எங்க மச்சானுக்கு இதைச் சொல்லோணும். பொண்ணு பாக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கி மொபெட்டில் கட்டினார். பெரிய புல்லி போட்ட மோட்டார். செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பினார், நூறுக்கு நூறு கோன் சுற்றுகிறது என்று. கூடவே பழுதான இன்னொரு மோட்டாரையும் அனுப்பியிருந்தார். மாமா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

கண்டனக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் அந்த மோட்டாருக்கு எத்தனை சுற்றுக் கம்பி என்று குறித்துக்கொண்டார். நல்ல கெட்டியான தாள்.

மறுவாரம் மாமாவும் நானும் ஆர்.எஸ்.புரம் கடைக்குப் போனோம். ரீமாஸ்டர் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்குச் சபையின் இறுதித் தீர்ப்பு, வாங்கலாம் என்பது. காரணம், இவ்வளவு தூரம் வந்தபின் மற்ற நாலு ஆல்பங்களையாவது அந்த மனிதரின் சொந்தக் குரலில் கேட்டுவிட வேண்டும் என்று பாலுசாமி சொன்னார். கடைக்காரர் மரியாதையான இளைஞர். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, "கேட்டுப் பார்த்துட்டு வாங்குங்க சார்" என்று தன் பிளேயரில் போடப் போனார்.

"ஒரு நிமிசமுங்க" என்றார் மாமா.

கவுண்டருக்குள் போய் அந்தப் பிளேயரை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தார். கடைக்காரர் பதறிப் போனார். மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தகட்டில் இருந்த வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார். ஐம்பது, சாய்ந்த கோடு, அறுபது என்று இருந்தது.

"ரெண்டுலயும் ஓடுமுங்க சார்" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பக்கமும் பேசறவனாட்ட இருக்குது" என்று மாமா என்னைப் பார்த்தார். பிறகு பிளேயரை மெதுவாக நிமிர்த்தி வைத்து, துண்டால் துடைத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க. எனக்குப் பிடிக்கறதுக்குள்ள கேட்டுப்போடறேன்."